கோணமலை உச்சியில் யாருடைய கண்?

இலங்கையின் கிழக்குக் கரையில், திருகோணமலை நகரத்தை ஒட்டிக் கடலுக்குள் நீண்டு கிடக்கும் கோணமலை என்ற பாறைமுனையின் உச்சியில் கோணேசர் கோயில் இருக்கிறது. கோயிலுக்குப் பக்கத்தில் பாறை சரிவே இல்லாமல் நேராகக் கடலில் இறங்குகிறது. உயரம் 350 அடி என்றும் 400 அடி என்றும் நூலுக்கு நூல் மாறும். பாறையில் பிளந்தாற்போல் இருக்கும் ஓர் இடத்துக்கு இராவணன் வெட்டு என்று பெயர். சாமி கும்பிட வந்தவர்களும் சும்மா சுற்றிப் பார்க்க வந்தவர்களும் அங்கே போய் நின்று கீழே எட்டிப் பார்க்கிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள், திரும்புகிறார்கள். இலங்கைத் தீவில் கடல் பார்க்கத் தகுந்த இடங்களைச் சொல்லும் எந்தச் சுற்றுலாக் கையேடும் இதை விடுவதில்லை. இந்தக் காட்சியை இயற்கையின் கொடை என்று சொல்லி முடித்துவிடுகிறோம். பாறையும் கடலும் இயற்கையின் கொடைதான், மறுப்பில்லை. ஆனால் அந்தப் பாறைமேல் நின்று கடலை நோட்டம் விடும் வழக்கம் பிற்பாடு அங்கே எழுந்த போர்ச்சுக்கீசியக் கோட்டை கொடுத்தது என்பது என் கட்சி. கோட்டை எழுந்த 1624 வரைக்கும் கோணமலை முதன்மையாகக் கடலில் வருகிறவர்கள் கண்ணில் படுவதற்கான மலை. அதன் பிறகுதான் அது கடலைக் கண்காணிப்பதற்கான மலையாயிற்று. இன்று அங்கே போய் நிற்கும் பயணி, தனக்குத் தெரியாமலேயே, பக்தன் நின்ற இடத்தை விட்டுவிட்டுக் காவல்காரன் நின்ற இடத்தில் நிற்கிறார்.

எங்கள் ஊரான ரெட்டியார்சத்திரத்துக்குக் கடல் பக்கமில்லை. பாறைக்கோ குறைவில்லை. மாடு கன்று நலமாயிருக்க வேண்டிக்கொண்டு ஏறும் கோபிநாதசாமி மலை ஊரிலேயே இருக்கிறது. கிழக்கே பஸ்ஸில் சிறிது தூரம் போனால் திண்டுக்கல் மலைக்கோட்டை. பழனிக்கு நடந்து போகிறவர்கள் கடந்து போகும் சாலை இது. மலை என்றால் ஏறிக் கும்பிட வேண்டியது என்கிற எண்ணம் இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே சமயம், மலை என்றால் பீரங்கி ஏற்ற வேண்டியது என்று நினைத்தவர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கும் திண்டுக்கல்லே சாட்சி. மதுரை நாயக்கர் காலத்தில், 1605 அளவில், அங்கே கோட்டை எழுந்தது. உச்சியில் கோயில் இன்றும் நிற்கிறது, உள்ளே மூலவர் இல்லை. அபிராமியும் ஈசனும் அடிவாரத்து ஊருக்குள் இறங்கிவிட்டார்கள். தொல்லியல் துறையிடம் சீட்டு வாங்கிக்கொண்டு ஏறுகிறவர்கள் மேலே போனதும் செய்கிற வேலை ஊரைப் பார்ப்பது: அதோ பஸ் நிலையம், அதோ ரயில் தண்டவாளம், அதோ சிறுமலை. கருவறை வெறுமையானதும் கண் வெளியே திரும்பிவிட்டது. கோணமலையில் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த உள்ளூர் உதாரணம் போதும். ஆனால் கோணமலையில் நடந்தது இதைவிடச் சிக்கலானது.

கோட்டைக்கு முந்தைய கோணமலையைப் பற்றி நமக்குக் கிடைக்கும் சான்றுகளில் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை மலையைத் தூரத்திலிருந்து பார்க்கின்றன. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய கோணமாமலைப் பதிகம் மூன்றாம் திருமுறையில் இருக்கிறது. அவர் இலங்கைக்குப் போனதாகப் பெரியபுராணம் சொல்லவில்லை. இராமேசுவரத்தில் இருந்தபடியே கோணமலையையும் கேதீச்சரத்தையும் பாடினார் என்பதுதான் மரபு. ஆக, இந்த மலையைப் பற்றிய புகழ்பெற்ற தமிழ்ப் பாட்டு, அங்கே கால் வைக்காத ஒருவர் கடலின் இந்தக் கரையிலிருந்து பாடியது. அடுத்த சான்று நமக்கு இன்னும் பக்கத்தில், புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலையில் இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இலங்கைமேல் படையெடுத்த சடையவர்மன் வீரபாண்டியன் தன் கயல் சின்னத்தைக் கோணமலையில் பொறித்ததாக அங்குள்ள அவனுடைய கல்வெட்டு பெருமைப்படுகிறது. ஒரு மன்னன் தன் இலச்சினையை எங்கே பொறிப்பான்? நாலு பேர் பார்க்கும் இடத்தில்தான். திருகோணமலைக் கோட்டை வாசல் கல்லில் இன்றும் இரட்டை மீன் தெரிகிறது. அது இந்தச் செயலோடு சேர்ந்தது என்று பலரும் கருதுகிறார்கள். அப்படியானால் கோயில் கல் ஒன்று கோட்டை வாசலுக்குக் குடிபெயர்ந்து விட்டது என்று பொருள். மூன்றாவது சான்று எதிரித் தரப்பிலிருந்து வருகிறது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய போர்ச்சுக்கீசியப் பாதிரியார் கெய்றோஸ், இந்தப் பாறையில் மூன்று கோயில்கள் இருந்ததைச் சொல்கிறார்: ஏறும் வழியில் ஒன்று, நடுவில் ஒன்று, உச்சியில் ஒன்று. இந்தியா முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள் என்பதையும் மறைக்கவில்லை. கடலுக்குள் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு முனையில் அடுக்கடுக்காக மூன்று கோயில் கட்டினால் கடலோடிக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்பதை யாரும் சொல்ல வேண்டாம். கலங்கரை விளக்கம் இல்லாத காலத்தில் கரை அறிய உதவியவை இப்படிப்பட்ட கோபுரங்கள்தாம். நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்தின் கோபுரத்தை ஐரோப்பிய மாலுமிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை கரைக்குறியாகவே பயன்படுத்தினார்கள்.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும். சம்பந்தர் பதிகம் முழுக்கக் கடல் ஒலிக்கிறதே, அலை முத்தையும் சந்தனத்தையும் அகிலையும் கொண்டுவந்து கொட்டுவதாகப் பாடுகிறாரே, அதைக் காட்சியை ரசித்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாதா? ரசனை இருக்கிறது, ஐயமில்லை. ஆனால் அந்தக் கடல் வெளியிலிருந்து உள்ளே வருகிறது. அலை மலையை நோக்கி வருகிறது, செல்வம் கோயிலை நோக்கி வருகிறது, பாடுகிறவர் மனமும் அதே திசையில் போகிறது. உச்சியில் ஏறி நின்று, கோயிலுக்கு முதுகைக் காட்டி, தொடுவானத்தைத் துழாவும் கண் அந்தப் பதிகத்தில் இல்லை. தேவாரத்தில் கடற்கரைத் தலங்கள் பலவும் இப்படித்தான் பாடப்பட்டிருக்கின்றன. வேதாரணியத்தில் என்ன, புகாரில் என்ன, கடல் சாமியைப் பார்க்க வருகிற பரிவாரம். (இராவணன் பதிகத்தில் வருகிறானே என்று யாராவது இராவணன் வெட்டுக்கு அதைச் சான்றாகக் காட்டினால் ஏமாற வேண்டாம். சம்பந்தர் பதிகங்களில் எட்டாம் பாட்டில் இராவணன் எல்லா ஊரிலும் வருவான்.) பழைய தமிழர்களுக்கு இயற்கையை ரசிக்கத் தெரியாது என்று நான் சொல்லவரவில்லை. நெய்தல் திணை வைத்திருந்தவர்களைப் பற்றி அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்று ஒரு குறிப்பிட்ட திசையில் பார்ப்பது என்பது ஒரு பழக்கம், பழக்கங்களுக்குத் தொடக்கம் உண்டு என்பதுதான் என் பேச்சு.

அந்தத் தொடக்கத்துக்குக் காரணம் காற்று. அந்தக் காலத்தில் சோழமண்டலக் கரையில் பெரிய கப்பலுக்கு ஒதுங்க இடம் கிடையாது. சென்னையில் கப்பல் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும், மசூலா படகில் ஆளும் சரக்கும் கரைக்கு வரும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவக்காற்று திரும்பிவிட்டால் அங்கே நிற்பது தற்கொலைக்குச் சமம். 1746இல் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லா போர்தொன்னே அந்த அக்டோபரிலேயே ஒரு புயலில் கப்பல்களை இழந்தார். அதனால் போர்க்கப்பல்கள் பருவக்காற்றுக்கு முன்பே கரையை விட்டு விலகிப் பம்பாய்க்கோ வேறெங்கோ போய்விட வேண்டும். திரும்பி வரும் வரை கரை காவலற்றுக் கிடக்கும். வங்கக்கடலின் மேற்கு ஓரத்தில், எந்தப் பருவத்திலும் பெரிய கப்பற்படையை உள்ளே வைத்துக் காக்கக்கூடிய ஆழமான இயற்கைத் துறைமுகம் திருகோணமலை ஒன்றுதான். அந்தத் துறைமுகத்துக்கும் கொட்டியாரக் குடாவுக்கும் அருகே, வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வரும் எந்தப் பாயையும் முதலில் பார்க்கக்கூடிய உயரம் கோணமலை. துறைமுகத்தின் பெருமை வணிகத்தால் வந்தது என்று நினைக்கிறவர்கள் உண்டு. மாந்தை, காலி, கொழும்பு இவற்றோடு ஒப்பிட்டால் திருகோணமலையின் வணிகம் பெரிதாக இருந்ததில்லை. அதன் மதிப்பு படைமதிப்பு. ஐரோப்பியர் சண்டைக் கப்பலோடு வங்கக்கடலுக்குள் வந்த பிறகுதான் அந்த மதிப்பு பிறந்தது.

1620இல் டென்மார்க்குக் கப்பல்கள் இங்கே வந்து கோட்டை கட்ட முயன்று கைவிட்டன. அதே ஆண்டில் அவர்கள் தஞ்சை நாயக்கரிடம் இடம் பெற்றுத் தரங்கம்பாடியில் ஊன்றினார்கள். கோணமலையில் அவர்கள் காலூன்றியிருந்தால் தரங்கம்பாடியின் கதை வேறாக இருந்திருக்கும், தமிழ் அச்சின் கதையும். டேனியர் வந்து போனது போர்ச்சுக்கீசியரை உசுப்பியது. அவர்களுடைய தளபதி கொன்ஸ்தந்தினோ த சா கோயிலை இடித்து, அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டினார்; 1624இல் கோட்டை நின்றது. தமிழ்ப் புத்தாண்டு நாளில் சாமி ஊர்வலம் வெளியே போயிருந்தபோது பார்ப்பனர் வேடத்தில் சிப்பாய்கள் உள்ளே புகுந்தார்கள் என்பது ஊர் வழக்கு. வழக்கை வழக்காகவே வைத்துக்கொள்வோம். கல் சொல்வது போதும். மதவெறிதான் கோயிலை இடித்தது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். வெறி இருந்தது. கெய்றோஸ் எழுத்திலேயே அது கொப்பளிக்கிறது. ஆனால் வெறி மட்டுமே காரணம் என்றால் இடித்துவிட்டுப் போயிருப்பார்கள், அல்லது அதே இடத்தில் பெரிய தேவாலயம் ஒன்றை எழுப்பியிருப்பார்கள். நடந்தது வேறு. பாறைமுனையின் கழுத்தில், நிலத்துக்கும் முனைக்கும் நடுவில், மதில் எழுந்தது. முனை முழுவதும் கோட்டைக்குள் போயிற்று. உச்சியிலிருந்த கோயில் கடலில் தள்ளப்பட்டது, உச்சி வெறுமையாக்கப்பட்டது. வெறும் உச்சிதான் கண்காணிப்புக்கு வேண்டும். அங்கே கட்டடம் கண்ணை மறைக்கும், கூட்டம் கூடினால் காவல் கெடும். திண்டுக்கல் மலையில் வேறு கையால், வேறு வேகத்தில் நடந்ததும் இதுவே.

அதன் பிறகு இருநூறு ஆண்டுகள் இந்தப் பாறை கை மாறிய கதையை வேகமாகச் சொல்லிவிடலாம். 1639இல் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனோடு கூடி டச்சுக்காரர் பிடித்தார்கள். 1672இல் பிரெஞ்சுக்காரர் ஒருமுறை எட்டிப் பார்த்தார்கள். 1782 ஜனவரியில் ஆங்கிலேயர், அதே ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் பிரெஞ்சுக்காரர், சமாதானத்துக்குப் பிறகு மறுபடி டச்சுக்காரர், 1795இல் மறுபடி ஆங்கிலேயர். 1803இல் யார்க் கோமகன் பிரெடெரிக்கின் பெயர் கோட்டைக்கு வந்தது, இன்றும் அதுதான் பெயர். 1782ஆம் ஆண்டில் மட்டும் சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் அந்த ஆண்டில் கோணமலையும் திண்டுக்கல்லும் ஒரே சண்டையின் இரு முனைகள். பிரெஞ்சுக் கப்பற்படைத் தலைவர் சுஃப்ரென் அந்தக் கோடையில் கடலூர்ப் பக்கம் ஹைதர் அலியைச் சந்தித்தார். அடுத்த மாதம் திருகோணமலையைப் பிடித்தார். ஹைதரின் ஏற்றம் தொடங்கியதே திண்டுக்கல்லில். 1755இல் அங்கே ஃபௌஜ்தாராக வந்தவர் அவர். அவர் தரையில் பாறைக்கோட்டைகளை வைத்துக்கொண்டிருந்தார், சுஃப்ரெனுக்குக் கடலில் ஒரு பாறைக்கோட்டை தேவைப்பட்டது. திண்டுக்கல் மலையை ஆங்கிலேயர் 1783இல் பிடித்து, விட்டு, 1790இல் மறுபடி பிடித்து, 1792 உடன்படிக்கையில் நிரந்தரமாக்கிக்கொண்டார்கள். அடுத்த மூன்று ஆண்டுக்குள் கோணமலையும் அவர்கள் கையில். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் தென்னாட்டு உயரங்கள் எல்லாம் ஒரே கண்ணின் கீழ் வந்தன.

சோழரும் பாண்டியரும் மட்டும் பூப்பறிக்கவா இலங்கைக்குப் போனார்கள், கோணமலையின் படைமதிப்பு அவர்களுக்குத் தெரியாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சோழர் பொலன்னறுவையில் இருந்துகொண்டு ஆண்டபோது கிழக்குக் கரைத் துறைகள் அவர்களுக்கு இன்றியமையாதவை. திருகோணமலைப் பக்கத்தில் கிடைத்திருக்கும் அவர்கள் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகளே அதைச் சொல்கின்றன. அங்குள்ள பெரியகுளத்துப் பக்கத்து வெல்கம் விகாரை இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்றதும் அந்தக் காலத்தில்தான். ஆனால் துறையைக் காப்பது வேறு, பாறை உச்சியைக் காவல் மேடையாக்குவது வேறு. அவர்கள் காலத்துக் கடற்போர் ஆளையும் குதிரையையும் ஏற்றிக்கொண்டு போய் இறக்குவது. கப்பலிலிருந்து கரையையும் கரையிலிருந்து கப்பலையும் சுடும் பீரங்கி வந்த பிறகே, தூரத்தில் வரும் பாயை அரை நாள் முன்னதாகப் பார்ப்பது உயிர்ப் பிரச்சினையாகிறது. பாண்டியன் கோணமலைமேல் வைத்தது மீன், த சாவின் ஆட்கள் வைத்தது பீரங்கி. மீனைப் பிறர் பார்க்க வேண்டும். பீரங்கிக்குப் பிறரைப் பார்க்க வேண்டும்.

காவல்காரன் கண் எப்படிச் சுற்றுலாப் பயணியின் கண்ணாக மாறியது என்பதற்கு அந்தப் பாறையிலேயே ஒரு தூண் நிற்கிறது. அதில் டச்சு மொழியில் ஒரு கல்வெட்டு: மைட்ரெக்ட் பிரபுவின் மகள் பிரான்சினா வான் ரீட் நினைவாக 1687 ஏப்ரல் 24இல் நாட்டப்பட்டது என்பது அதன் செய்தி. இந்தத் தூணைச் சுற்றி ஆங்கிலேயர் காலத்தில் ஒரு கதை வளர்ந்தது. டச்சு அதிகாரி ஒருவன் அவளைக் காதலித்துக் கைவிட்டான். அவன் ஏறிய கப்பல் பாறையைக் கடக்கும்போது அவள் உச்சியிலிருந்து குதித்தாள். காதலர் பாய்ச்சல் என்று இடத்துக்கே பெயர் வந்துவிட்டது. இலங்கையில் குடியேற்றச் செயலராக இருந்த எமர்சன் டென்னன்ட் 1859இல் வெளியிட்ட தம் நூலில் இந்தக் கதையைச் சொன்னார், அதிலிருந்து அது கையேட்டுக்குக் கையேடு தாவியது. கதையின் குறை எளியது. குதித்துச் செத்தவள் என்று சொல்லப்படும் பிரான்சினா அந்தத் தேதிக்குப் பிறகும் உயிரோடிருந்தார், திருமணமும் செய்துகொண்டார் என்று டச்சு ஆவணங்கள் காட்டுகின்றன. அவருடைய வளர்ப்புத் தந்தை ஹென்ட்ரிக் வான் ரீட் நமக்குத் தெரிந்த மனிதர். மலையாளக் கரையின் மூலிகைகளை வைத்தியர் இட்டி அச்சுதன் போன்றோர் உதவியோடு பன்னிரண்டு தொகுதிகளில் பதிந்த ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ் அவர் செய்வித்தது. டச்சுக் கம்பெனியின் ஆணையராக ஊர் ஊராகச் சோதனைக்குப் போனவர். மகளோடு திருகோணமலைக்கு வந்துபோனதன் நினைவாக நட்ட தூணாகத்தான் அது இருக்க வேண்டும் என்பதே பொருந்துகிறது. அந்தத் தூண் டச்சுக்காரர் செதுக்கியதும் இல்லை. இடிந்த கோயிலின் தூண் அது.

காதல் கதையில் என்ன கேடு, வந்தவர்கள் கேட்டு ரசித்துவிட்டுப் போகட்டுமே என்பார்கள். கேடு என்று ஒன்றும் பெரிதாக இல்லை, ஒன்றைத் தவிர: அது கோயில் தூணை ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் நினைவுக்கல்லாகவே பார்க்கப் பழக்கியது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது கதையின் அமைப்பு. கப்பல் போகிறது, உச்சியில் ஒருத்தி நின்று அதைக் கண்ணால் தொடர்கிறாள். இது காவல் நிற்கும் சிப்பாயின் பார்வை. பாய் தெரிகிறதா என்று கடலைத் துழாவிக்கொண்டு, வருடக்கணக்கில் ஊர் திரும்பாமல், அந்தப் பாறைமேல் நின்ற படைக்காரர்கள் தங்கள் ஏக்கத்தை ஒரு பெண்ணின் தலையில் ஏற்றியிருக்கிறார்கள். இராவணன் வெட்டுக் கதையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தாய் கும்பிடுவதற்காகப் பாறையையே பெயர்த்துக்கொண்டு போக முயன்று வாளால் வெட்டினான் என்பது அது. அங்கே எல்லோருடைய கவனமும் பாறைமேல், பாறையில் இருக்கும் சாமிமேல். கடல் அந்தக் கதையில் ஓரமாகக்கூட வருவதில்லை. ஒரே விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கதைகளும் இரண்டு திசையில் முகம் காட்டுகின்றன.

பழைய திசை முற்றிலும் அழிந்துவிடவும் இல்லை. இடிப்பிலிருந்து காப்பாற்றப்பட்ட திருமேனிகளுக்காகத் தம்பலகாமத்து வயல்களுக்கு நடுவே ஆதிகோணேசுவரம் எழுந்தது. பாறையில் கோயில் இல்லாத காலத்திலும், ஆங்கிலேயர் கோட்டைக்குள் விட்டபோது, மக்கள் விளிம்புக்கு வந்து கும்பிட்டார்கள். டென்னன்ட் நூலிலேயே அந்த வழிபாடு விவரிக்கப்படுகிறது: மாலை வேளை, பாறையின் ஒடுங்கிய விளிம்பில் பூசகர், கீழே கடலுக்குப் போகும் காணிக்கை. கடலுக்குள் தள்ளப்பட்ட சாமிக்குக் கடலிலேயே படைத்தார்கள் என்று நான் படிக்கிறேன். மேலோட்டமாகப் பார்த்தால் இவர்களும் கடலைத்தான் பார்த்தார்கள், சிப்பாயும் கடலைத்தான் பார்த்தான். சிப்பாய் தொடுவானத்தைப் பார்த்தான், இவர்கள் நேர் கீழே பார்த்தார்கள். நேர் கீழே பார்த்ததில் தவறில்லை என்பது பிற்பாடு தெரிந்தது. 1950இல் நகரசபை கிணறு தோண்டும்போது, கோயில் இருந்த இடத்திலிருந்து ஐந்நூறு கஜத்தில், சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், அம்மன் முதலிய செப்புத்திருமேனிகள் வெளிப்பட்டன. 1956இல் மைக் வில்சனும் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் பாறையடியில் மூழ்கிப் பார்த்தபோது கோயில் தூண்களும் கற்களும் கிடந்தன. லிங்கம் ஒன்றும் மேலே வந்தது. கிளார்க் அடுத்த ஆண்டே தம் புத்தகத்தில் எழுதினார். வில்சன் பின்னாளில் சிவகல்கி சுவாமியாகிவிட்டார், அது தனிக் கதை. 1963இல் உச்சியில் புதுக் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. பிரிட்டிஷ் கடற்படை தளத்தைக் காலி செய்து ஆறு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. காவல்காரன் போனதும் சாமி திரும்பினார் என்று எழுதினால் அழகாக இருக்கும், உண்மையாக இருக்காது. கோட்டைக்குள் இலங்கை இராணுவம் இருந்தது, இருக்கிறது. இன்றும் கோயிலுக்குப் போகிறவர் கோட்டை வாசல் வழியாக, புள்ளிமான்கள் மேயும் பாதையில், படைவீரர்களைக் கடந்துதான் போக வேண்டும். போர்க் காலத்தில் அந்த வழி எவ்வளவு கடினமாக இருந்தது என்பது ஈழத்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கோயிலுக்கு முன்பே அங்கே கோகண்ண விகாரை இருந்தது என்ற வாதமும் உண்டு. அதைத் தொடாமல் போவது நேர்மையாகாது. மகாவம்சம் மகாசேன மன்னன் கோகண்ணத்தில் தேவாலயத்தை அழித்து விகாரை கட்டியதாகச் சொல்கிறது. அதாவது அந்த நூலே அங்கே முன்பிருந்த கோயிலை ஒப்புக்கொள்கிறது. விகாரை எந்த இடத்தில் என்பதில் ஆய்வாளர்கள் மோதட்டும். என் வாதத்துக்கு இதனால் குறையில்லை. தூபியாக இருந்தாலும் கோபுரமாக இருந்தாலும், அது கடலில் வருகிறவன் கும்பிடுவதற்கான உயரம்.

கோட்டைக்கு ஒரு நன்மையை மறுக்காமல் கொடுத்துவிட வேண்டும். முனை முழுவதையும் மூன்று நூற்றாண்டுக்கு மேல் படை பிடித்து வைத்திருந்ததால்தான் அங்கே ஊர் ஏறவில்லை, மரம் நிற்கிறது, மான் மேய்கிறது, விளிம்பு வரை போய் நின்று பார்க்க வெட்டவெளி கிடைக்கிறது. படை இல்லாதிருந்தால் கடை வந்திருக்கும். பழனி அடிவாரத்தைப் பார்த்தவர்கள் இதை நம்புவார்கள். அந்த வெட்டவெளியால் அறிவியலுக்கும் ஒரு லாபம் கிடைத்தது. கோணமலைக்கு எதிரே கடலடியில் ஆழமான பள்ளத்தாக்கு ஒன்று கரைக்கு மிக அருகில் வருகிறது. அதனால் நீலத்திமிங்கிலம் பாறைக்குக் கிட்டவே வந்து போகும். 1980களின் தொடக்கத்தில் வந்த ஆய்வாளர்கள் பாறைமேல் உட்கார்ந்தபடியே அவற்றைப் பார்த்துக் குறிப்பெடுத்தார்கள். கரையில் நின்று நீலத்திமிங்கிலம் பார்ப்பதற்கு உலகிலேயே சிறந்த இடம் இதுவாக இருக்கலாம் என்ற பேச்சு அப்போதிருந்து இருக்கிறது. பாயைத் தேடிய இடத்தில் திமிங்கிலத்தின் நீர்த்தாரையைத் தேடினார்கள். அதுவும் காவல்காரன் கண்தான், ஆனால் யாரையும் சுடுவதற்காகத் தேடாத கண்.

திண்டுக்கல் மலையில் சாமி கீழே இறங்கியவர் இறங்கியவர்தான். மேலே மறுபடி வைக்க வேண்டும் என்ற கோரிக்கை அவ்வப்போது எழுந்து அடங்குகிறது. கோணமலையில் சாமி திரும்பி வந்துவிட்டார், பார்வை மட்டும் திரும்பவில்லை. கும்பிட்டு முடித்ததும் கால் தானாக விளிம்புக்குப் போகிறது. அதைத் தடுக்கவும் முடியாது, தடுக்கவும் வேண்டாம். காட்டுவதில் மாற்றம் செய்யலாம். கோட்டை வாசலில் மீன் பொறித்த கல்லுக்கும், விளிம்பில் நிற்கும் தூணுக்கும், அவை எங்கிருந்து வந்தவை என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நாலு வரி தெளிவாக எழுதி வைக்கலாம். பிரான்சினா குதிக்கவில்லை என்பதையும் அதில் சேர்த்துவிடலாம். இந்தப் பக்கத்திலிருந்து கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மேலே ஏறிப் பார்த்த பிறகு, கீழே வந்து ஒரு படகு பிடித்துக் கடலிலிருந்தும் அந்த மலையைப் பாருங்கள். கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும் மே முதல் செப்டம்பர் வரையான மாதங்களில் படகு கிடைக்கும்.